காமராஜர் பெயருக்கு முன்னால் 'பாரத ரத்னா' போடலாமா?

இந்த முறை பெட்டியைத் திறந்தால் கடிதம் முழுக்க விருதுகள்தான். குரூப் 4, குரூப் 2, வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று படிக்கிறவர்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பலருக்கும் குழப்பம் ஒரே இடத்தில் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரஜினிகாந்த் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற ஆண்டு 2019 என்று ஒரு கைடில் இருக்கிறது, 2021 என்று இன்னொன்றில் இருக்கிறது. எதைப் படிப்பது?
– தேனி வாசகி

இரண்டையும் படியுங்கள் அம்மா, இரண்டு கைடும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கின்றன. அது 2019ஆம் ஆண்டுக்கான விருது. அறிவித்தது 2021 ஏப்ரல் 1. அவர் கையில் வாங்கியது அதே ஆண்டு அக்டோபர் 25, டெல்லியில். அன்றைக்கு அதே மேடையில் தனுஷும் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கினார், படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. ஆக, '2019ஆம் ஆண்டுக்கான' என்று கேள்வி இருந்தால் ஒரு விடை, '2021இல் வழங்கப்பட்ட' என்று இருந்தால் வேறு கணக்கு. அந்த 'க்கான' என்கிற மூன்றெழுத்தில்தான் மார்க் இருக்கிறது.

நானே இதில் விழுந்தவன். சிவாஜிக்குக் கிடைத்தது 1996ஆம் ஆண்டுக்கான பால்கே விருது, ஆனால் விழா நடந்தது அடுத்த ஆண்டு. விழாவை டிவியில் பார்த்த ஞாபகத்தில் தேர்வு விடைத்தாளில் 1997ஐக் கருப்பாக்கிவிட்டு, வெளியே வந்து டீக்கடையில் நண்பர்களிடம் சண்டையும் போட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பால்கே விருது எந்த ஆண்டுக்கானதோ அதிலிருந்து 1968ஐக் கழித்தால் எத்தனையாவது விருது என்று வந்துவிடும். 2019 என்றால் 51. ஏனென்றால் முதல் விருது 1969ஆம் ஆண்டுக்கானது, வாங்கியவர் தேவிகா ராணி. தேசியத் திரைப்பட விருதுக்கு 1952ஐக் கழிக்க வேண்டும்: 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கு 71ஆவது விருது. ஆஸ்கருக்கு விழா நடக்கும் ஆண்டிலிருந்து 1928ஐக் கழியுங்கள், ஏ.ஆர்.ரகுமான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய 2009 விழா 81ஆவது. எண்ணையும் ஆண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிற வேலை இதனால் மிச்சம்.

எங்கள் ஊர்ச் சுவரில் 'பாரத ரத்னா காமராஜர்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதக் கூடாது என்று கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். உண்மையா?
– விருதுநகர் வாசகர்

உண்மைதான், அதோடு இது அரசியலமைப்புப் பகுதியில் வருகிற கேள்வியும்கூட. பிரிவு 18, அரசு யாருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்கிறது, ராணுவம், கல்வி சார்ந்தவை மட்டும் விலக்கு. வெள்ளைக்காரன் ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அள்ளிக் கொடுத்து ஆள் பிடித்ததைப் பார்த்த தலைமுறை எழுதிய பிரிவு அது. அப்படியென்றால் பாரத ரத்னா மட்டும் பட்டம் இல்லையா என்று வழக்கு போனது. பாலாஜி ராகவன் வழக்கு என்று பெயர். உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில், இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. பத்மஸ்ரீக்கும் இதே விதி. 'பாரத ரத்னா விருது பெற்ற காமராஜர்' என்று எழுதினால் தப்பே இல்லை. சுவரில் எழுதுகிறவருக்கு இடம் பத்தாது என்பது வேறு விஷயம்.

இதை ஒட்டிக் கேட்கக் கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். விருது தொடங்கியது 1954 ஜனவரி 2. முதல் மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி.ராமன். ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணி பக்கம், ராமன் திருச்சியில் பிறந்தவர், ஆக மூவருமே நம்ம பக்கம்தான். பிரதமர் பரிந்துரைக்கிறார், குடியரசுத் தலைவர் வழங்குகிறார். பணம் ஒரு பைசா கிடையாது. அரச இலை வடிவப் பதக்கம், அதில் பிளாட்டினத்தில் ஒரு சூரியன், கீழே தேவநாகரி எழுத்தில் விருதின் பெயர். ஆரம்பத்தில் இறந்தவர்களுக்குக் கொடுக்கிற விதி இல்லை. 1955இல் சேர்த்தார்கள், அப்படி முதலில் பெற்றவர் லால் பகதூர் சாஸ்திரி, 1966இல். காமராஜருக்கு 1976, எம்.ஜி.ஆருக்கு 1988, இரண்டுமே மறைவுக்குப் பின்தான். வழக்கமாக ஆண்டுக்கு மூன்று பேர்தான் என்பார்கள், 1999இல் நான்கு பேருக்கும் 2024இல் ஐந்து பேருக்கும் கொடுத்தார்கள். அந்த ஐந்தில் எம்.எஸ்.சுவாமிநாதனும் ஒருவர். 1977 ஜூலையில் ஜனதா அரசு விருதையே நிறுத்தியது, 1980 ஜனவரியில் திரும்பி வந்ததும் அந்த ஆண்டு பெற்றவர் அன்னை தெரசா. நிறுத்தம், திரும்பி வருதல் என்று கதை உள்ள ஆண்டுகள் எப்போதும் கேள்வியாகும், அவற்றை விடாதீர்கள்.

நோபல் பரிசு ஐந்து துறையா, ஆறு துறையா? வகுப்பில் ஒரே சண்டை.
– சேலம் வாசகர்

ஆல்பிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் ஐந்துதான்: இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி. 1901இலிருந்து அவை. பொருளாதாரத்தை அவர் எழுதவே இல்லை. சுவீடனின் மத்திய வங்கி தன்னுடைய முந்நூறாவது ஆண்டை ஒட்டி 1968இல் நோபல் நினைவாக ஏற்படுத்திய பரிசு அது, முதலில் கொடுத்தது 1969. அதே டிசம்பர் 10, அதே ஸ்டாக்ஹோம் மேடை என்பதால் எல்லோரும் நோபல் என்றே சொல்கிறோம். கேள்வியில் 'உயிலின்படி' என்று இருந்தால் ஐந்து. 'தற்போது வழங்கப்படும் துறைகள்' என்று இருந்தால் ஆறு. சண்டை போட்ட இரண்டு கட்சியும் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், நூறு பெயர் படிப்பதைவிட இது உதவும். இயற்பியல், வேதியியல், பொருளாதாரம் மூன்றும் சுவீடனின் அறிவியல் அகாடமி. மருத்துவம் கரோலின்ஸ்கா என்ற சுவீடன் மருத்துவப் பல்கலைக்கழகம். இலக்கியம் சுவீடிஷ் அகாடமி. அமைதி மட்டும் நார்வே, அந்த நாட்டு நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிற ஐந்து பேர் குழு, விழாவும் ஓஸ்லோவில். நோபல் உயில் எழுதிய காலத்தில் சுவீடனும் நார்வேயும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன, 1905இல்தான் பிரிந்தன. ஒரு பரிசை அதிகபட்சம் மூன்று பேர்தான் பகிரலாம். அமைதிப் பரிசை அமைப்புகளுக்கும் கொடுப்பார்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1917, 1944, 1963 என மூன்று முறை வாங்கியிருக்கிறது.

இன்னொரு பொறி: 'நோபல் பெற்ற இந்தியர்' என்பதும் 'இந்திய வம்சாவளியினர்' என்பதும் ஒன்றல்ல. 1930இல் ராமன் வாங்கியபோது அறிவியலில் நோபல் பெற்ற முதல் ஆசியர் அவர். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1983இல் வாங்கியபோது அமெரிக்கக் குடிமகன். 2009இல் வேதியியலுக்கு வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரத்தில், ஆனால் அவரையும் வம்சாவளிப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். நம்ம ஊர்க்காரர் என்று பாசத்தில் முதல் பட்டியலில் போட்டால் விடைத்தாளுக்குப் பாசம் தெரியாது.

காந்திக்கு ஏன் நோபல் இல்லை?
– நாகர்கோவில் வாசகி

ஐந்து முறை பரிந்துரை போனது: 1937, 38, 39, 47, கடைசியாக 1948. அந்தக் கடைசிப் பரிந்துரை போன சமயத்தில்தான் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டு உயிரோடு இருப்பவர்களில் தகுந்தவர் இல்லை என்று சொல்லி, குழு அமைதிப் பரிசை யாருக்குமே கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பெருமை பரிசுக்குத்தான் என்பது என் கட்சி.

மேஜர் முகுந்த் வரதராஜன் காஷ்மீரில் சண்டையில்தானே உயிரிழந்தார்? பரம்வீர் சக்ரா இல்லாமல் ஏன் அசோக சக்ரா?
– தாம்பரம் வாசகர்

நல்ல கேள்வி, இதைப் புரிந்துகொண்டால் ஆறு விருதும் ஒரே மூச்சில் வந்துவிடும். எதிரிப் படையின் முன் நின்று காட்டும் வீரத்துக்கு பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா என்று வரிசை. அப்படி இல்லாத சூழலில் காட்டும் வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா. தீவிரவாதிகளை எதிர்த்துப் போராடுவது இந்த இரண்டாவது வரிசையில் வருகிறது. 2014 ஏப்ரலில் சோபியானில் நடந்தது அத்தகைய நடவடிக்கை என்பதால் அசோக சக்ரா. மறுபக்கம், 1987 நவம்பரில் இலங்கையில் அமைதிப் படையில் இருந்து வீரமரணம் அடைந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா. 'அமைதிப் படை' என்ற பெயரைப் பார்த்து அமைதிக்கால விருது என்று டிக் போட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பரம்வீர் சக்ரா 1950 ஜனவரி 26இல் ஏற்படுத்தப்பட்டாலும் 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும், அதனால்தான் 1947 நவம்பரில் உயிரிழந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் ஆள். பதக்கத்தை வரைந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்த சாவித்ரி கனோல்கர். சோம்நாத் சர்மா அவருடைய மகளுக்குக் கணவர் வழிச் சொந்தம். தான் வரைந்த முதல் பதக்கம் சொந்தத்திலேயே ஒரு வீட்டுக்குப் போனது.

ஜெயகாந்தன் எந்த நாவலுக்காக ஞானபீடம் வாங்கினார்?
– கடலூர் வாசகர்

எந்த நாவலுக்காகவும் இல்லை தம்பி. 1982 முதல் ஞானபீடம் ஒரு நூலுக்கு என்றில்லாமல் எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்குக் கொடுக்கப்படுகிறது, அவர் பெற்றது 2002ஆம் ஆண்டுக்கானது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அவருக்கு 1972இல் சாகித்ய அகாடமி வாங்கித் தந்த நாவல். அகிலன் கதை வேறு: 1975இல் 'சித்திரப்பாவை' என்ற ஒரு நாவலுக்காக ஞானபீடம், அதற்கு முன் 1963இல் 'வேங்கையின் மைந்தன்' நாவலுக்கு அகாடமி. பொருத்துக கேள்வியில் இந்த மூன்று நாவலையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் போட்டால் முக்கால்வாசிப் பேர் காலி.

அப்புறம், ஞானபீடம் அரசு விருது இல்லை. தனியார் அறக்கட்டளை கொடுப்பது. சாகித்ய அகாடமி மத்திய அரசு அமைத்த அமைப்பு, 24 மொழிகளுக்குக் கொடுக்கிறது. தமிழுக்கு முதல் விருது 1955இல் ரா.பி.சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்'.

'ஆசியாவின் நோபல்', 'கணிதத்தின் நோபல்' என்றெல்லாம் கைடில் வருகிறதே?
– தஞ்சாவூர் வாசகி

செல்லப் பெயர்கள்தான், ஆனால் கேட்பார்கள். ஆசியாவின் நோபல் என்றால் மகசேசே, 1957இல் விமான விபத்தில் இறந்த பிலிப்பைன்ஸ் அதிபர் ரமோன் மகசேசே பெயரில் உள்ளது. இந்தியாவிலிருந்து முதலில் பெற்றவர் வினோபா பாவே, 1958. எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.என்.சேஷன், டாக்டர் சாந்தா எல்லோரும் பட்டியலில் உண்டு. கணிதத்தில்தான் தொல்லை, ஏனென்றால் இரண்டு விருதுக்கு இந்தப் பெயர் சொல்கிறார்கள். ஃபீல்ட்ஸ் பதக்கம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஏபல் பரிசு நார்வே ஆண்டுதோறும் தருவது, வயது வரம்பு கிடையாது. 2007இல் வாங்கிய எஸ்.ஆர்.ஸ்ரீனிவாச வரதன் சென்னையில் பிறந்தவர். கட்டடக்கலைக்கு பிரிட்ஸ்கர், கணினிக்கு டூரிங். உணவுக்கு உலக உணவுப் பரிசு, 1987இல் முதல் ஆளாக வாங்கியவர் எம்.எஸ்.சுவாமிநாதன்.

கேல் ரத்னா முதலில் யாருக்கு?
– கரூர் வாசகர்

விஸ்வநாதன் ஆனந்த். விளையாட்டுக்கான இந்த விருதை அவர் பெற்றது 1991–92க்கு. அப்போது ராஜீவ் காந்தி பெயரில் இருந்தது, 2021 ஆகஸ்ட் முதல் மேஜர் தயான் சந்த் பெயர்.

விருதுக்காக ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?
– பெரம்பலூர் வாசகி

தனியாக நேரமே ஒதுக்காதீர்கள். குரூப் 4இல் ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், விருதுக்காக முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் கணக்குப் பாடம் அழும். பேப்பரில் ஒரு விருதுச் செய்தி வந்தால் நோட்டில் நான்கு சொல் போதும்: யார் கொடுத்தது, எதற்கு, எந்த ஆண்டுக்கானது, முதலில் யார். பெற்றவர் பெயரைத் தலைப்பே சொல்லிவிடும்.

தமிழ்நாடு அரசு விருதுகளில் எதைக் கட்டாயம் படிக்க வேண்டும்?
– தூத்துக்குடி வாசகர்

தகைசால் தமிழர் விருதிலிருந்து தொடங்குங்கள். 2021இல் ஏற்படுத்தியது, சுதந்திர தின விழாவில் முதல்வர் தருவார், 10 லட்சம் ரூபாய். முதலில் பெற்றவர் என்.சங்கரய்யா, அந்தப் பணத்தை அவர் கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு உங்கள் மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த ஆர்.நல்லகண்ணு. அவர் அந்த 10 லட்சத்தோடு தன் கையிலிருந்து 5,000 ரூபாயும் சேர்த்து, முதல்வரின் நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்தார்.