மூன்று சதுரம், ஒன்பது காய்

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஹம்பி போயிருந்தோம். ஒரு மண்டபத் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள், அவற்றை நடுவில் இணைக்கும் நான்கு கோடுகள். கூட வந்தவர் “யந்திரம், மிதிக்காதீர்கள்” என்றார். என் மகளோ “இது போன்ல இருக்கிற கேம்மா” என்றாள். தேடிப் பார்த்தால் எகிப்தில் 3,400 வருடத்துக்கு முன்பே ஆடினார்கள் என்கிறார்கள். உண்மையா? ஒழுங்காக ஆடினால் டிராதான் என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டார்களாம். அப்புறம் எதற்கு ஆடுவது?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

மகள் சொன்னதுதான் சரி. அது சுற்றி உட்கார்ந்து ஆடுவதற்காகக் கீறியது. கன்னடத்தில் சாலு மனெ ஆட்டம். சாலு என்றால் வரிசை. நம் உழவுச் சாலுக்குச் சொந்தம். தெலுங்கில் தாடி. (தமிழில் எழுதினால் முகத்தில் முளைத்துவிடுகிறது, என்ன செய்ய.)

நான் இதைக் கற்றது ஓசூரில், பக்கத்து வீட்டு அஜ்ஜியிடம் (கன்னடத்தில் பாட்டி). திண்ணையில் கரித்துண்டால் கட்டம் போடுவார். அவருக்குப் புளியங்கொட்டை ஒன்பது, எனக்கு உடைந்த வளையல் துண்டு ஒன்பது. கோடுகள் சேரும் இடங்கள் 24. ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி வைக்கவேண்டும். வைத்து முடித்தபின் கோட்டு வழியே பக்கத்துக் காலியிடத்துக்கு நகர்த்தலாம். ஒரே கோட்டில் மூன்று சேர்ந்தால் சாலு. எதிராளியின் காய் ஒன்றை எடுத்துவிடலாம். இரண்டே காய் மிஞ்சினாலோ, நகர வழியில்லாமல் அடைபட்டாலோ தோல்வி.

நான் ஓடிப்போய் மூலைகளில் வைப்பேன். மூலை பத்திரம் என்று நினைப்பு. அஜ்ஜி நடுச்சதுரத்தின் (வெளியிலிருந்து இரண்டாவது) பக்கங்களில் நட்டநடு இடமாகப் பார்த்துப் பிடிப்பார். மூலையிலிருந்து போக இரண்டே வழி, அங்கிருந்து நான்கு வழி. இது எனக்கு உறைக்கவே ஒரு கோடை விடுமுறை போயிற்று. அதற்குள் அவர் ஐந்து புளியங்கொட்டையை வைத்து என்னைத் துடைத்து எடுத்திருந்தார். வெளிச்சதுரத்தின் இடப்பக்க மூலைகளில் இரண்டு, நடுச்சதுரத்தின் இடப்பக்க மூலைகளில் இரண்டு. ஐந்தாவது கொட்டை அந்த இரண்டு பக்கங்களின் நட்டநடு இடங்களுக்கிடையே போய்ப் போய் வரும். வெளியே போனால் ஒரு சாலு, உள்ளே வந்தால் இன்னொரு சாலு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் என் வளையல் துண்டு ஒன்று அவர் மடியில் விழும். “ஹோய்த்து” (போச்சு) என்பார், அவ்வளவுதான்.

எகிப்துக் கணக்குக்கு வருகிறேன். இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘ஏன்ஷியண்ட் சிலோன்’ நூலில் இருக்கிறது அதன் வேர். எகிப்தின் குர்னா கோயிலின் கூரைப் பாளங்களில் இந்தக் கட்டத்தைப் பார்த்து, கோயிலின் வயதையே கட்டத்துக்கும் கொடுத்துவிட்டார். அங்குள்ள சில கீறல்களில் காப்டிக் கிறித்தவர்களின் (எகிப்தின் பழைய கிறித்தவர்கள்) சிலுவையும் இருக்கிறது. அவை கிறித்துவுக்குப் பிறகு கீறியவை என்றால் 3,400 எப்படி நிற்கும்? இலங்கையின் மிகிந்தலைப் படிக்கட்டில் உள்ள கட்டத்தையும் அவர் குறித்திருக்கிறார். சிங்களத்தில் இந்த ஆட்டத்துக்கு நெரெஞ்சி என்று பெயர். நெருஞ்சிக்கும் அதே சொல்தான். கல்லின் வயது வேறு, கீறலின் வயது வேறு. ஹம்பியிலும் அப்படித்தான். மண்டபம் கட்டிய கல்தச்சன் சாப்பாட்டு வேளையில் கீறியிருக்கலாம். 1565இல் ஊர் பாழான பிறகு ஆடு மேய்க்க வந்தவனும் கீறியிருக்கலாம். கையில் பிடிக்கிற மாதிரியான சான்று வேண்டுமென்றால் 1283இல் (இன்றைய ஸ்பெயினில் உள்ள) காஸ்டில் நாட்டு மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ எழுதுவித்த விளையாட்டுச் சுவடி. அதில் இதே பலகை படமாகவே இருக்கிறது.

டிரா விஷயம் உண்மை. 1993இல் சூரிச்சில் ரால்ஃப் காஸர் சுமார் 770 கோடி நிலைகளைக் கம்ப்யூட்டரில் அலசி நிறுவினார். ஆனால் அது இரண்டு பேரும் ஒருமுறைகூடச் சறுக்காமல் ஆடினால். நானும் நீங்களும் ஆறாவது காய் வைப்பதற்குள் சறுக்கிவிடுவோம். மகளோடு ஆட அது போதாதா?

போனை வைத்துவிட்டுச் சாக்பீஸால் தரையில் போட்டு ஆடுங்கள். தொடங்குமுன் ஒன்றைமட்டும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். மூன்றே காய் மிஞ்சியவர் கோட்டைப் பார்க்காமல் எந்தக் காலியிடத்துக்கும் தாவலாம் என்று பல இடங்களில் விதி உண்டு. அஜ்ஜி இதை எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. ஓசூரை விட்டு வந்து எத்தனையோ வருடம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க, மூன்று வளையல் துண்டோடு நான் எழுந்துபோன ஆட்டங்களையெல்லாம் எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.