கேமரா கேள்வி - பதில்: கார்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் மெமரி கார்டு பற்றியவை மட்டும் இந்த இதழில்.

*கேள்வி: வேலந்தாவளத்தில் இருந்துகொண்டு கோவை, பாலக்காடு இரண்டு பக்கமும் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கார்டின் மேல் 170 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனாலும் 4கே-யில் எடுக்கும்போது சில நிமிடங்களில் பதிவு தானாக நின்றுவிடுகிறது. கார்டு கெட்டுவிட்டதா?*

பதில்: கெட்டிருக்க வேண்டியதில்லை. அந்த 170 படிக்கும் வேகம். கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது கிடைப்பது. அதுவும் பெரும்பாலும் அதற்கென்று உள்ள ரீடரில் போட்டால்தான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதிலும் கடைசிவரை எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பதுதான் முக்கியம். அதைச் சொல்வது மூலையில் பொடியாக அச்சடித்திருக்கும் குறிகள்.

'சி' எழுத்துக்குள் 10, 'யு' எழுத்துக்குள் 1, வி10 ஆகிய மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது. 'யு'வுக்குள் 3 இருந்தாலும், வி30 என்றிருந்தாலும் 30 மெகாபைட். வி60, வி90 என்றால் முறையே 60, 90.

இனி கேமரா மெனுவைப் பாருங்கள். அங்கே வீடியோ தரத்துக்கு எதிரே 100 என்றிருந்தால் அது விநாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். உங்கள் கார்டு யு1 என்றால், அது உறுதி தருவது 10 மட்டுமே. கார்டு வேகமாக எழுதும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. வேகம் இறங்கும்போது கேமராவின் பஃபர் (கார்டில் எழுதும்வரை தகவலைத் தாங்கி வைக்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பும், நிரம்பியதும் பதிவு நிற்கும். 100-க்கும் 200-க்கும் வி30 போதும் (200 என்பது 25 மெகாபைட்). 400 மெகாபிட்டில் எடுத்தால் 50 மெகாபைட் வேண்டும், வி60 வாங்குங்கள். ஸ்லோ மோஷனுக்குக் கேமராக் கையேட்டில் அந்த மோடுக்கு எதிரே எந்தக் குறி இருக்கிறதோ அதுதான் கணக்கு. சில கேமராக்கள் அதைவிடக் குறைந்த கார்டைப் போட்டால் பதிவைத் தொடங்கவே தொடங்காது.

வி30 கார்டு போட்டும் நின்றால் வேறு காரணங்களைத் தேடுங்கள். பழைய கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழித்து அழித்துப் பயன்படுத்தினால் காலி இடம் துண்டு துண்டாகிவிடும். அந்த நிலையில் வேக உறுதி செல்லாது. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் கிளிப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். திரையில் தெர்மாமீட்டர் குறி வந்து நின்றால் சூடுதான் காரணம், கார்டு அல்ல. சரியாக 29 நிமிடம் 59 விநாடியில் நின்றால் அது அந்தக் கேமராவுக்கே உள்ள வரம்பு.

ஒரு கணக்கும் கையில் இருக்கட்டும். 100 மெகாபிட்டில் 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடம் தாங்கும். பாலக்காட்டுப் பக்கம் தாலிகட்டு சீக்கிரம் முடிந்துவிடும். நம் பக்கத்து முகூர்த்தமோ சடங்கு சடங்காக நீளும். கெட்டிமேளம் கொட்டும்போது கார்டு மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். அப்போது இரண்டு கார்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும், மெதுவான கார்டு எதுவோ அதற்குத்தான் கேமரா கட்டுப்படும்.

*கேள்வி: கொல்லங்கோட்டிலிருந்து நெல்லியாம்பதிக்குப் போய் இருவாட்சிப் பறவையைப் படம் எடுக்கிறேன். பறக்கும்போது தொடர்ந்து எடுத்தால் மூன்று, நான்கு விநாடியில் கேமரா திணறி நிற்கிறது. வி90 கார்டு வாங்கினால் தீருமா?*

பதில்: பணம் கொடுக்கும் முன் உங்கள் கேமராவின் ஸ்லாட் எது என்று பாருங்கள். யுஎச்எஸ் என்பது கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே தகவல் போகும் பாதையின் தரம். கார்டில் ரோமன் எண்ணாக ஒற்றைக் கோடு இருந்தால் யுஎச்எஸ்-1, இரட்டைக் கோடு இருந்தால் யுஎச்எஸ்-2. யுஎச்எஸ்-2 கார்டைத் திருப்பினால் பின்புறம் இரண்டாவது வரிசையாகவும் தகடுகள் தெரியும். ஸ்லாட்டுக்குள்ளும் அந்த இரண்டாம் வரிசைக்கான முட்கள் இருந்தால்தான் பலன். யுஎச்எஸ்-1 தரத்தின் உச்சவரம்பு 104 மெகாபைட், யுஎச்எஸ்-2 தரத்துக்கு 312. வி90 கார்டுகள் யுஎச்எஸ்-2 வகை. பழைய ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான்.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் (ஜேபெக்காக மாற்றாத மூலப் படம்) சுமார் 25 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 படம் என்றால் 250 மெகாபைட். எந்த யுஎச்எஸ்-1 கார்டும் இதற்கு ஈடுகொடுக்காது. முதலில் படங்கள் பஃபரில் குவியும், பிறகு கார்டுக்கு இறங்கும். 40 படம் குவிந்திருந்தால் 1,000 மெகாபைட். விநாடிக்கு 80 மெகாபைட் எழுதும் கார்டு அதை இறக்க 12 விநாடிக்கு மேல் எடுக்கும், 200 மெகாபைட் எழுதும் கார்டுக்கு 5 விநாடி போதும். நல்ல கார்டு பஃபரைப் பெரிதாக்காது. அடுத்த வாய்ப்புக்குச் சீக்கிரம் தயாராக்கும், அவ்வளவே.

ஸ்லாட் யுஎச்எஸ்-1 என்றால் ராவைச் சுருக்கிய வடிவில் எடுங்கள். ராவையும் ஜேபெக்கையும் சேர்த்து எடுப்பதை நிறுத்துங்கள். பட்டனை அழுத்தியபடியே இருக்காமல் ஐந்தாறு படங்களாக விட்டு விட்டு எடுங்கள். மலையாளத்தில் மலமுழக்கி (மலையையே முழங்க வைப்பது) என்று பெயர் வாங்கிய பறவை இருவாட்சி. சிறகோசை வெகு தூரத்திலிருந்தே கேட்கும். ஓசை கேட்டதுமே அழுத்தத் தொடங்கினால், பறவை மரக்கூட்டத்தைவிட்டு வெளியே வரும்போது பஃபர் நிரம்பியிருக்கும்.

*கேள்வி: வீட்டில் பழைய கேமரா ஒன்று நன்றாக இருக்கிறது. 128 ஜிபி கார்டு போட்டால் ஏற்க மறுக்கிறது. (குமுளி வாசகி)*

பதில்: எஸ்டிஎச்சி என்ற பழைய வகைக் கார்டை மட்டும் ஏற்கும் கேமராவாக இருக்கும். அதற்கு 32 ஜிபிதான் எல்லை. 32 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு ஒன்று வாங்குங்கள், சாதாரண கிளாஸ் 10 போதும். 2006-க்கு முந்தைய கேமரா என்றால் 2 ஜிபிக்கு மேல் முயல வேண்டாம்.

*கேள்வி: செங்கோட்டையில் மலிவாக 512 ஜிபி கார்டு கிடைத்தது. பாலருவியில் எடுத்த முதல் படங்கள் திறக்கின்றன, பிறகு எடுத்தவை திறக்கவில்லை.*

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே குறைந்த கொள்ளளவு இருக்கும், வெளியே 512 என்று பொய் சொல்லும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் வீண். திறக்கும் படங்களை முதலில் காப்பி எடுத்துக்கொண்டு, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக்கில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். யுஎஸ்பி 2.0 ரீடரில் விநாடிக்கு 35 மெகாபைட் என்று கொண்டால் 512 ஜிபிக்கு எழுத மட்டும் நான்கு மணி நேரம் ஆகும், படிக்க இன்னொரு நான்கு. 3.0 ரீடர் இருந்தால் பயன்படுத்துங்கள். தவறு என்று காட்டினால், அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு கடையில் திருப்பிக் கொடுங்கள். இனி எந்தக் கார்டு வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

*கேள்வி: ஏ2 என்று போட்ட மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடலாமா? (களியக்காவிளை)*

பதில்: ஏ1, ஏ2 குறிகள் செல்போனில் ஆப் ஓட்டுவதற்கானவை. கேமராவுக்கு அதே கார்டில் உள்ள யு, வி குறிகளைப் பாருங்கள். அடாப்டரில் தகடுகள் இரண்டு இடத்தில் தொட வேண்டியிருப்பதால், ஒன்று தளர்ந்தாலும் 'கார்டு எரர்' வரும். அவசரத்துக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

*கேள்வி: தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டேன். படங்கள் போனது போனதுதானா? (பீர்மேடு)*

பதில்: பெரும்பாலும் மீட்கலாம். சாதாரண ஃபார்மேட் படங்களின் பட்டியலைத்தான் அழிக்கும். படங்கள் அடியில் இருக்கும், அவற்றின் மேல் புதிதாக எழுதும்வரை. ஆகவே இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பட்டியைக் கீழே தள்ளுங்கள். கம்ப்யூட்டரில் செருகியதும் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீளும் படங்களைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மீள வேண்டிய மற்ற படங்கள் அழியும்.