எண் போட்ட மரங்கள்: வாசகர் கேள்வி-பதில்

(பதில் சொல்பவர், காட்டுத் தாவர ஆய்வுகளில் 27 ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தவர்.)

முதுமலைப் பக்கம் ஒரு பயிற்சி முகாமுக்காகக் காட்டுக்குள் அழைத்துப் போனார்கள். ஓரிடத்தில் மரத்துக்கு மரம் அலுமினியத் தகடு, அதில் எண், அதைத் தாங்க ஓர் ஆணி. காப்பாற்ற வேண்டிய காட்டிலேயே ஆணி அடிக்கலாமா? மனம் கேட்கவில்லை.
ஆசிரியை, கூடலூர்

முதல் நாள் சுத்தியலைக் கையில் கொடுத்தபோது எனக்கும் மனம் வரவில்லை, அம்மா. ஆனால் ஓர் ஆணியால் மரம் சாவதில்லை. மரத்தின் உயிரோட்டம் பட்டைக்கு உள்ளே தண்டைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கில் இருக்கிறது. ஆணி அதில் ஒரு புள்ளியை மட்டுமே தொடுகிறது. அதையும் முழுதாக அடிக்க மாட்டோம். இரண்டு விரல் அகலம் வெளியே விடுவோம், மரம் பருக்கும்போது தகட்டை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. சுண்டுவிரல் பருமன் உள்ள கன்றுகளுக்கு ஆணியே கிடையாது. தளர்வாக ஒரு நூல் கட்டித் தகட்டைத் தொங்கவிடுவோம்.

எதற்கு இவ்வளவு பாடு என்பீர்கள். முதுமலையில் 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார், ராமன் சுகுமார் தலைமையில், 50 ஹெக்டேர் காட்டை நிரந்தர ஆய்வுநிலமாக அளந்து வைத்தார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். உள்ளே 20 மீட்டருக்கு 20 மீட்டராக 1,250 சதுரங்கள். மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், ஒரு சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் எண். முதல் கணக்கில் ஏறத்தாழ 26,000 மரங்கள் வந்தன. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்ப்பார்கள். பருமனை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அளப்பார்கள்.

இப்படித் திரும்பத் திரும்பப் போனதால்தான் கிடியாவின் கதை தெரிந்தது. செம்பருத்திக் குடும்பத்து மரம் அது. பட்டை நாராக உரியும், யானைக்கு மிகவும் பிடிக்கும். முதல் கணக்கில் ஆயிரக்கணக்கில் இருந்தது. யானைகள் ஒடித்தும் உரித்தும் தின்றதில் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை போய்விட்டன. ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் ‘இந்தக் காட்டில் கிடியா மிகுதி’ என்று எழுதியிருப்பார். பத்தாண்டு கழித்து வந்த இன்னொருவர் ‘அரிது’ என்று எழுதியிருப்பார். இருவர் எழுதியதும் உண்மைதான். இடையில் நடந்ததைச் சொல்ல அந்தத் தகடுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

தீயும் அப்படித்தான். இலையுதிர் காட்டில் கோடைத் தீ போன பிறகு சிறு தண்டுகள் கருகி நிற்கும். செத்ததாகக் குறித்து, பதிவேட்டில் அந்த எண்ணை நீக்கிவிடத் தோன்றும். மழை பெய்த பிறகு அதே வேரிலிருந்து துளிர் வரும். அதனால் ‘மேல்தண்டு போயிற்று’ என்று மட்டும் எழுதிவிட்டு, மறு ஆண்டும் அதே இடத்தில் குனிந்து பார்க்க வேண்டும். இலையற்ற மாதங்களில் மரத்தைப் பட்டையைக் கொண்டே அறிய வேண்டும்: கருமருது முதலைத் தோல் போல வெடித்திருக்கும், வெண்தேக்கு வெளுத்து வழவழப்பாக இருக்கும். எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்களோடு நடந்த ஒரு குறும்பர் பெரியவர். புத்தகத்தை நான் பிறகுதான் திறந்தேன்.

செயற்கைக்கோள் படமே காட்டைக் காட்டிவிடுகிறதே? அளவு நாடாவோடு நடப்பது வீண் உழைப்பு இல்லையா, ஐயா?
கல்லூரி மாணவர், திண்டுக்கல்

செயற்கைக்கோள் காட்டின் கூரையைப் பார்க்கிறது, தம்பி. கூரைக்குக் கீழே உண்ணிச்செடிப் புதருக்குள் திணறும் கன்றின் பெயர் அதற்குத் தெரியாது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள் காட்டு மரங்களின் எடையை ரேடார் கொண்டு மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்க, தரையில் நாடா பிடித்து எடுத்த அளவுகள்தான் வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் அய்யனார் கோயில் காடு நான்கு ஏக்கர் இருக்கும். ஓரத்தில் சீமைக்கருவேலம் நுழைகிறது. நாங்களே இப்படி ஓர் ஆய்வுநிலம் அமைக்க முடியுமா?
கோயில் குழு உறுப்பினர்

முடியும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடலூர்ப் பக்கம் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஊர்க்காடுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் 1990-களில் ஒவ்வொரு ஹெக்டேர் அளந்தார்கள். பத்தாண்டு கழித்து மீண்டும் போய் அளந்தார்கள். உங்கள் காடும் அந்த வகைதான். கடற்கரைச் சமவெளியில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு இப்படிக் கோயில்களை ஒட்டித்தான் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது.

முதலில் ஊர்க்கூட்டத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு இருபது மீட்டர் சதுரங்கள் ஐந்து போதும்: இரண்டு சீமைக்கருவேலம் நுழையும் ஓரத்தில், மூன்று நடுக்காட்டில். ஓரத்தை விட்டுவிட்டு அழகான இடத்தை மட்டும் தேர்ந்தால் உங்கள் கவலைக்குப் பதில் கிடைக்காது. மூலைகளில் கருங்கல் நடுங்கள். இரும்புக் குழாய் வேண்டாம், களவு போகும். சாமி காட்டில் ஆணியும் வேண்டாம். நூலில் கட்டிய தகடு போதும், ஆண்டுதோறும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

நாடா சுற்றும் இடத்தில் பெயிண்டால் மெல்லிய கோடு போடுங்கள். ஒருமுறை மங்கிப்போன கோட்டைத் தேடாமல், குத்துமதிப்பாக நான்கு விரல் மேலே அளந்துவிட்டேன். பதிவேட்டில் அந்த வெக்காலி மரம் இளைத்துப் போனதாக விழுந்தது; அதைச் சரிசெய்ய மறுபடியும் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். மாதத்தையும் மாற்றாதீர்கள். வறட்சியில் தண்டு நீர் வற்றிச் சற்றே சுருங்கும், மழைக்குப் பின் பருக்கும். இவ்வாண்டு தையில் அளந்தால் எப்போதும் தையிலேயே அளங்கள். தகட்டில் 6, 9 இரண்டுக்கும் அடியில் கோடு போடுங்கள், தகடு தலைகீழாகத் தொங்கினால் எண் மாறிவிடும். செத்த மரத்தின் எண்ணை வேறு மரத்துக்கு எந்நாளும் கொடுக்காதீர்கள்.

பென்சிலால் எழுதுங்கள், மழையில் மை கரையும். இரண்டு படிகள் எடுத்து ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். பிள்ளைகளில் இருவரையாவது நாடா பிடிக்கப் பழக்குங்கள், ஏனென்றால் இருபது ஆண்டு கழித்து அந்த மூலைக்கல்லைத் தேடிப் போகப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

உங்கள் காட்டில் காசா மரம் இருக்கும் என்று நினைக்கிறேன். திருமாலைக் ‘காயாம்பூ வண்ணன்’ என்று பாடக் காரணமான நீலப்பூ மரம். வீரையும் இருக்கக்கூடும். முதல் அளவை முடிந்ததும் எது எத்தனை என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். சீமைக்கருவேலக் கன்றுகளின் கணக்கைத் தனியாக எழுதுங்கள்.