தலைவலிக்கு வாந்தி ஊசியா?

கேள்வி: போன மாதம் ஒற்றைத் தலைவலி தாங்காமல் ராத்திரி 2 மணிக்கு அவசரப் பிரிவுக்குப் போனேன். வாந்திக்குப் போடுகிற ஊசியைப் போட்டார்கள். ஸ்கேன்கூட எடுக்கவில்லை. இது சரியா டாக்டர்? – ஒரு வாசகி, கரூர்.

பதில்: சரிதான் அம்மா. மெட்டோகுளோப்ரமைடு என்கிற வாந்தி மருந்து, வாந்தியை மட்டுமல்ல, ஒற்றைத் தலைவலியையும் அடக்கும். வலி ஏறிய நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் நரம்பு ஊசி. ஆனால் வேகமாக ஏற்றினால் சிலருக்கு இருப்புக்கொள்ளாத தவிப்பு வரும். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண், டிரிப்ஸ் ஸ்டாண்டையும் உருட்டிக்கொண்டு எங்கள் வராந்தாவில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்! அன்றிலிருந்து சலைனில் கலந்து 15 நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் விடச் சொல்வேன். தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டையும் அணைக்கச் சொல்வேன்; அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வழக்கமாக வருகிற அதே வலிக்கு ஸ்கேன் தேவையில்லை. இடி விழுந்த மாதிரி நொடியில் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலம் குறைவது என்றால் கட்டாயம் எடுப்போம்.

அப்புறம், மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள்? பாராசிட்டமாலே 15 நாளைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலண்டரில் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.