கியர் கார் பழகுகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

சேலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கியர் வண்டி பழகுகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

அண்ணா, சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பினால் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடுகிறது. பின்னால் ஒரே ஹாரன். என்ன செய்வது?

கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடுகிறீர்கள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரத்துக்குப் போகும் கிளட்ச் பிளேட் மறுபக்கம். மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும். சிக்னலில் நிற்கும்போது முன்னது நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுழல்கிறது. முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை மிதித்திருக்கையில் பின்னது அசையாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே அடியாக ஒட்டவைத்தால் எஞ்சின் மூச்சை விட்டுவிடும். உரசி உரசி வேகம் ஒத்துவர ஓரிரு வினாடியாவது கொடுக்க வேண்டும்.

ஆளில்லாத சமதளத்துக்குப் போங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியரில், கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்துங்கள். எஞ்சின் சத்தம் சற்றுத் தணிந்து, வண்டி அசையத் தொடங்கும் இடத்தில் காலை அப்படியே நிறுத்துங்கள். ஒரு வண்டி நீளம் உருண்டபின் மிச்சத்தை விடலாம். காலை நேரம் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஹாரன் அடிப்பவர் அடித்துக்கொண்டிருக்கட்டும்; அவர் ஹாரனுக்கு உங்கள் வண்டி ஓடாது.

பயிற்சிப் பள்ளியில் நன்றாக ஓட்டினேன் சார். அப்பாவின் காரில் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியவில்லை.

பள்ளி வண்டியில் பயிற்றுநர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. நீங்கள் ஸ்டீயரிங் பிடித்தீர்கள், அவர் ஓட்டினார்! வண்டி அணைந்தால் வகுப்பு நேரம் வீணாகிறதே என்று எங்கள் ஆட்கள் பலர் தாங்களே மிதித்துவிடுகிறார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. கடைசிச் சில வகுப்புகளிலாவது "உங்கள் பக்கத்து கிளட்ச்சைத் தொடாதீர்கள் சார்" என்று கேட்டு வாங்குங்கள். மேலும், கிளட்ச் பிடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். அப்பாவின் காரில் அது எங்கே என்று முதலில் நின்ற இடத்திலேயே தேடிக் கண்டுபிடியுங்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) மட்டும் வைத்திருந்தால், முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டி, உரிமம் உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே ஓட்ட வேண்டும்.

எனக்கு வயது 52. இனிமேல் பழக முடியுமா?

முடியும் அம்மா. கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். வயது தடுத்தவர்களைவிடச் சீட்டு தடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எந்த வேகத்தில் எந்த கியர்?

பொதுவாக 15, 20 கி.மீ.யில் இரண்டாவது, 30-ஐ ஒட்டி மூன்றாவது, 45 வாக்கில் நான்காவது. வண்டி உதறினால் கியரைக் குறையுங்கள், இரைந்து கத்தினால் கூட்டுங்கள். பழகப் பழக மீட்டரைவிடக் காதுதான் உதவும்.

குடும்பத்தோடு ஏற்காடு போக ஆசை. ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பினால் வண்டி பின்னால் உருளுமே என்று பயம். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் மாமா. உண்மையா?

முதலில் ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை விடுங்கள். வண்டியின் முன்பக்கம் சற்றே எழும்பினாற்போல் இருக்கும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் முன்னால்தான் போகும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போவதற்கு முன் ஊருக்குள் ஒரு மேம்பாலச் சரிவில் பழகிக்கொள்ளுங்கள். மலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மாமா சொல்வதைக் கேட்காதீர்கள். இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், எஞ்சினுக்கு எரிபொருள் போவது பெரும்பாலும் நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். அதுகூடப் போகட்டும். நியூட்ரலில் வண்டியைப் பிடிக்கும் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. அது காய்ந்து சூடேறினால் மிதித்தும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே, அதாவது பெரும்பாலும் இரண்டாவதில், இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

நெரிசலில் தீய்ந்த வாடை வருகிறது. மெக்கானிக்கிடம் போகட்டுமா?

முதலில் இடது காலைக் கவனியுங்கள். அரைக் கிளட்ச்சிலேயே நின்றுகொண்டிருந்தால் பிளேட் உரசிக் கருகும். முன்னால் இரண்டு வண்டி இடம் கிடைக்கும்வரை நியூட்ரலில் பிரேக் பிடித்து நில்லுங்கள், பிறகு நகருங்கள். கிளட்ச்சை முழுக்க விட்ட பிறகும் எஞ்சின் இரைகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது போங்கள்.