ஆற்றங்கரையில் ஆதி தாளம் செல்லுமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மிருதங்கம் வாசிக்கிறேன். நீலகிரியில் ட்ரௌட் மீன் பிடிக்க ஆசைப்பட்டு, பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’யை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் பழகுகிறேன். லைனை முன்னும் பின்னும் வீசுவதற்கு மெட்ரோனோம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்தும், சாட்டை மாதிரி சொடுக்கி ஃப்ளை அறுந்துபோகிறது. ஏன்? – குன்னூர் வாசகர்

பதில்: மெட்ரோனோம்தான் காரணம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே போய் நரம்பை இழுத்துச் செல்லும். ஃப்ளைக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். எடை லைனில் இருக்கிறது. 5-ஆம் எண் லைன் என்றால் முதல் 30 அடிக்குச் சுமார் 9 கிராம். அது முதுகுக்குப் பின்னால் நீண்டு விரிந்த பிறகுதான் தூண்டில் கோலை முன்னே கொண்டுவர வேண்டும். 20 அடி சட்டென்று விரியும், 40 அடிக்கு நேரம் பிடிக்கும். ஒரே வேகத்தில் தட்டும் கருவி ஒரே ஒரு நீளத்துக்குத்தான் பொருந்தும். அவசரப்பட்டால், பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் நுனி திடீரென்று திரும்பிச் சொடுக்கும், ஃப்ளை தெறிக்கும். தாமதித்தால் லைன் தொய்ந்து புல்லில் மாட்டும்.

காலப்பிரமாணம், அதாவது மாறாத வேகம், கைக்கு வந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். தனி ஆவர்த்தனத்தை மறந்துவிட்டு தாளக்கட்டு இல்லாத ஆலாபனையை நினையுங்கள்: ராகப் பிடி எவ்வளவு நீளமோ அதற்கேற்ற இடைவெளி. ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு மூன்று அடி லைன் விடும்போது இடைவெளியும் வளர்ந்துகொண்டே போக வேண்டும். சிறிதாகத் தொடங்கி வரவர விரியும் ஸ்ரோதோவக யதி தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெயரிலேயே நதி இருக்கிறது.

பழகுவது புல்தரையில். கொக்கிக்குப் பதில் சிறு கம்பளி நூல் கட்டி, லைனில் 20, 30, 40 அடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். நுனி மட்டும் கைத்தடிப் பிடிபோல வளைந்திருக்கும் நொடியில் முன் வீச்சைத் தொடங்க வேண்டும். கை மெதுவாகத் தொடங்கி, வேகம் கூடி, டக்கென்று நிற்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே உதறினால் லைன் தன்னையே குறுக்கே வெட்டி லீடரில் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பில்) முடிச்சு விழும். பழியைக் காற்றின்மேல் போடுவார்கள். அந்த முடிச்சோடு வீசாதீர்கள், நரம்பின் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

கேள்வி: கரையில் உட்கார்ந்து புல்லாங்குழலில் மனோதர்மமாக ராகம் வாசித்தால் மீன் ஓடிவிடுமா? – கோத்தகிரி வாசகி

பதில்: ஓடாது. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் காலால் தாளம் தட்டாதீர்கள். தரையின் அதிர்வு நேரே தண்ணீருக்குள் போகும், ட்ரௌட் அதை உடலின் பக்கவாட்டில் ஓடும் விலாக்கோட்டால் உணரும். தாளத்தை விரலிலோ தொடையிலோ வைத்துக்கொள்ளுங்கள்; எழுந்து நின்று நிழல் விழச் செய்யாதீர்கள். விடியற்குளிரில் குழலின் சுருதி இறங்கும். ஊதிச் சூடாக்கிய பிறகே தம்புராவோடு சேருங்கள்.

எச். சி. வில்சன் 1907-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியதிலிருந்தே அங்கே தூண்டில்காரர்கள் வருகிறார்கள் என்றாலும், மீன்வளத்துறை, வனத்துறை அனுமதியை முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: வீணை வாசிப்பவள். மீன்பிடித்துவிட்டு வந்தால் வலது ஆள்காட்டி விரலில் கோடாக வெட்டு. மீட்டவே முடியவில்லை. – மதுரை வாசகி

பதில்: இடது கையால் லைனை இழுக்கும்போது அது கோலைப் பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் உரசிக்கொண்டு வருகிறது. லைன் வழவழப்பானது, அறுப்பது அதில் ஒட்டிய மணல். மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, லைனை அதன் வழியாக இழுத்துத் துடையுங்கள். விரலுக்கு லைக்ரா உறை போடுங்கள். பிளாஸ்திரி நனைந்து நழுவும், நடுவழியில் கழன்றும் விடும். கச்சேரிக்கு முந்தின இரண்டு நாள் லைனை நடுவிரலுக்கு மாற்றலாம் என்று தோன்றும். வேண்டாம், மீட்டுவதற்கு அதுவும் தேவை. அந்த இரண்டு நாளும் கோல் பையிலேயே இருக்கட்டும்.