சூடு இல்ல தம்பி, போய் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க

வணக்கம்க்கா. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்ல இருக்கேன். என் ரூம்மேட்டுக்கு போன மாசம் யூரின் போறப்ப எரிச்சல், சீழ் மாதிரி வந்துச்சு. சூடுன்னு நெனச்சு பார்லி தண்ணி குடிச்சான், அப்புறம் மெடிக்கல்ல கேட்டு மூணு நாள் மாத்திரை போட்டான், இப்ப நின்னுடுச்சு. அவனோட கேர்ள்ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் இல்லையாம். ஆஸ்பத்திரி போனா வீட்டுக்குச் சொல்லிடுவாங்கன்னு பயப்படுறான். அதான் சரியாயிடுச்சே, விட்டுடலாமா? பேர் போடாதீங்க.

தம்பி,

விட்டுடாதீங்க. சீழ் வந்துச்சுன்னா அது சூடு இல்ல. வெட்டை நோயா (கொனோரியா) இருக்கலாம், கிளமிடியாவா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தேகூட இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டுமே உடலுறவுல பரவுற பாக்டீரியா தொற்று, சரியான மருந்து கொடுத்தா முழுசா குணமாகும். ஆனா மெடிக்கல்ல என்ன கொடுத்தாங்கன்னு தெரியல, ஒரு காலத்துல இதைக் குணப்படுத்தின சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை எல்லாம் இப்ப வெட்டை நோய்க்குப் பெரும்பாலும் வேலை செய்யறதில்ல, கிருமி அதுக்குப் பழகிடுச்சு. சீழ் நின்னா நோய் போயிடுச்சுன்னும் அர்த்தம் இல்ல. சிஃபிலிஸ்னு இன்னொண்ணு இருக்கு, வலியே இல்லாத ஒரு புண்ணு வரும், சில வாரத்துல தானா ஆறிடும், நம்மாளு நிம்மதியா இருப்பான், கிருமி உள்ள ரத்தத்துல இருக்கும்.

எனக்கு அவனைவிட அந்தப் பொண்ண நெனச்சாதான் கவலையா இருக்கு. "ஒண்ணும் இல்லையாம்"னு எழுதியிருக்கீங்க. பொண்ணுங்கள்ல நெறைய பேருக்கு இதுல எந்த அறிகுறியும் தெரியாது, தெரியாமலே கருக்குழாய் வரைக்கும் போயி, பின்னாடி குழந்தை நிக்கறதுலயே பிரச்சனை ஆகலாம். அதனால ரெண்டு பேரும் ட்ரீட்மெண்ட் எடுக்கணும், ஒருத்தர் மட்டும் எடுத்தா மறுபடி ஒட்டிக்கும். மருந்து முடிஞ்சு ஒரு வாரம் வரைக்கும் சேரக்கூடாது, அப்புறமும் காண்டம் இல்லாம வேணாம், அதுல தேங்கா எண்ணெய், வாசலின் தடவினா கிழிஞ்சிடும், அதையும் சொல்லிடுங்க.

எங்க போறது? மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரில பால்வினை நோய் பிரிவு இருக்கு, ஃப்ரீ. அங்கயே நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்க, இந்த மாதிரி தொற்று இருந்தா எச்ஐவி வர வாய்ப்பு கூடும். இப்ப நெகட்டிவ்னு வந்தாலும் மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும். வீட்டுக்குச் சொல்ல மாட்டாங்க, அவனுக்கு 18 முடிஞ்சிருச்சு, டாக்டர் ரகசியத்தைக் காப்பாத்தணும், எச்ஐவி விஷயத்துல 2017 சட்டமே அதைச் சொல்லுது. நேர்ல போக பயமா இருந்தா முதல்ல எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்குப் போன் பண்ணட்டும், காசு ஆகாது.

இந்தியாவுலயே முதன்முதலா 1986ல எச்ஐவியைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையிலதான், டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அப்புறம் புள்ளிராஜா விளம்பரம் ஊர் ஊரா இருந்துச்சு, எய்ட்ஸ்னா என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு, நல்ல வேலை அது. ஆனா மத்த தொற்றுகளப் பத்தி பசங்ககிட்ட யாரும் பேசல. காலேஜ்ல எய்ட்ஸ் விழிப்புணர்வுக்குன்னு செஞ்சுருள் சங்கம் இருக்கும், டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு பேரணி போவாங்க, ரிப்பன் கோலம் போடுவாங்க, சீழ் வந்தா எந்த ஓபிக்குப் போகணும்னு மட்டும் சொல்லித் தர மாட்டாங்க. அந்த இடத்தைத்தான் மெடிக்கல் கடையும், லாட்ஜுல ரூம் போட்டு ஆண்மைக்கு லேகியம் விக்கிறவங்களும் புடிச்சுக்கறாங்க. இதுல எனக்கு ரொம்பக் கோபம் இருக்கு.

அவன் தனியா போக மாட்டான்னா நீங்க கூடப் போங்க, காலைல ஓபி சீட்டு போடணும், சீக்கிரம் போயிடுங்க. போட்ட மாத்திரை அட்டை இருந்தா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, டாக்டருக்கு அது தெரியணும். அந்தப் பொண்ணுகிட்ட அவனே சொல்லணும், இந்த வாரத்துக்குள்ள.